சுகர் நார்மல்தான், குதிரைக்கு நடக்கத்தான் முடியவில்லை

பச்சைப் பசேலென்று புல்வெளி. நடுவில் உருண்டு திரண்ட ஒரு மட்டக்குதிரை, வாயில் கூடையோடு நிற்கிறது. யார்க்ஷயரில் வார இறுதிகளில் நான் போய் வேலை செய்யும் லாயத்தின் வேலியை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. மே மாதம் பிறந்துவிட்டால், அந்த வழியே நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களில் யாராவது ஒருவர் நின்று சண்டைக்கு வராமல் இருப்பதில்லை. "இவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு வாயைக் கட்டியிருக்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?" லாயத்துக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், பொறுமை கொஞ்சம் குறைவு. "அது பட்டினி இல்லை, மருந்து" என்று சொல்லிவிட்டுச் சாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். பதில் சரிதான். கேட்டவருக்குத்தான் ஒன்றும் விளங்கியிருக்காது. மீதிப் பதிலை நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

கூடைக்குள் இருப்பவன் பெயர் புட்டிங். வெல்ஷ் மலைப் போனி, சாம்பல் நிறம், சின்னப் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் சாது. தீனி என்று வந்துவிட்டால் அந்தச் சாதுத்தனமெல்லாம் பறந்துவிடும். ஒரு வசந்தகாலத்தில் அவன் லாயத்தை விட்டு வெளியே வர மறுத்தான். முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்கால்மேல் சாய்த்து நின்றான். சரளைத் தரையில் கால் வைக்கவே கூசினான். டாக்டர் வந்து, முன்னங்கால் கணுவுக்குப் பின்னால் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நல்ல குதிரைக்கு அங்கே நாடி தேடினாலும் எளிதில் அகப்படாது. இவனுக்கு விரலைத் தள்ளியது. குளம்பில் கை வைத்தால் சூடு. லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் என்றார், ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு வந்தபோது குளுக்கோஸ் நார்மல். இன்சுலின் மட்டும் அந்த ஆய்வகத்தின் கருவி அளக்கக்கூடிய உச்சத்தையே தாண்டியிருந்தது.

அன்று ராத்திரி திண்டுக்கல்லிலிருந்து அம்மா பேசும்போது இதைச் சொன்னேன். அம்மா பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

"ஏன்டி, குதிரைக்குமா சுகர்?"

"சுகர் நார்மல்மா. இன்சுலின்தான் ஏறிக் கெடக்கு."

"சுகர் நார்மல்னா அப்புறம் என்னடி வியாதி? வெள்ளக்கார டாக்டரும் காசு புடுங்க ஆரம்பிச்சுட்டானா?"

அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. நம் வீடுகளில் இந்த நோயைப் பற்றிய பேச்சே சர்க்கரையின் அளவில்தான் தொடங்கி முடிகிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு. இன்சுலின் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. குதிரை விஷயத்தில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

ஏன் என்றால், மனிதர்களுக்கு இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தசையும் ஈரலும் கொழுப்பும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. கணையம் விடுவதில்லை, இன்னும் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையைச் சமாளிக்கிறது. வருஷக்கணக்கில் இப்படி ஓடிய பிறகு பலருக்குக் கணையம் தளர்ந்துபோகும். அப்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், டாக்டர் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். குதிரையின் கணையமோ பெரும்பாலும் தளர்வதே இல்லை. எத்தனை வருஷமானாலும் இறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் சர்க்கரை அளவு ஒழுங்காகவே நிற்கும். டைப் 2 சர்க்கரை நோய் என்று முழுதாகச் சொல்லும்படியான நிலை குதிரைக்கு அபூர்வம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் குதிரைக்கு வைத்தால் "எல்லாம் நலம்" என்றுதான் காட்டும். உள்ளே ரத்தத்தில் இன்சுலின் வெள்ளமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்சுலினும் கொழுப்பும் குளம்பு நோயும் சேர்ந்துவரும் இந்தக் கூட்டுக் கோளாறுக்கு ஈக்வைன் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற பெயரை 2002-இல் முன்வைத்தவர் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஜான்சன். மனித மருத்துவத்திலிருந்து கடன் வாங்கிய பெயர்தான். நமக்கு அது மாரடைப்பில் கொண்டுபோய் விடுகிறது. குதிரைக்கு மாரடைப்புக் கவலை இல்லை. அதற்கு எல்லாக் கணக்கும் குளம்பில் வந்து தீரும்.

இன்சுலினுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம்? லாமினைட்டிஸ் என்றால் தானியமூட்டையை உடைத்துத் தின்றுவிட்டு வயிறு கெட்ட குதிரைக்கு வருவது என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், குடல் கெட்டாலும், குட்டி போட்டபின் நஞ்சுக்கொடி தங்கிவிட்டாலும் வரும். ஒரு கால் ஒடிந்து மற்றக் காலில் பாரமெல்லாம் இறங்கினாலும் வரும். 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ இரண்டே வாரத்தில் பிரீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்காலை உடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை நடந்து, மாதக்கணக்கில் போராடி, கடைசியில் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டதற்கு மற்றக் கால்களில் வந்த லாமினைட்டிஸ்தான் காரணம். ஆனால் பந்தயக் குதிரையின் கதை செய்தித்தாளில் வரும், புட்டிங்குகளின் கதை வராது. வயல்வெளிகளில் நொண்டி நிற்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹார்மோன்தான் காரணம் என்பது கடந்த இருபது வருஷங்களில் தெளிவாகிவிட்டது.

அதைத் தெளிவாக்கியதில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு. குளம்பு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற கிறிஸ் பொலிட் அங்கே இருந்தார். அவரும் கேத்தரின் மெகோவன், மார்ட்டின் சிலன்ஸ் முதலியவர்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட சோதனை, கேட்க எளிமையானது, முடிவைப் படித்தால் வயிற்றைப் பிசைவது. இளம் வயதுப் போனிகள், ஒல்லியானவை, முன்பு நோயே இல்லாதவை. அவற்றில் ஒரு பகுதிக்கு நரம்பு வழியாக இன்சுலினை விடாமல் ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்று கூடவே குளுக்கோஸையும் ஏற்றி, அளவை நார்மலாகவே பிடித்து வைத்தார்கள். மாவு இல்லை, தானியம் இல்லை, குடல் கோளாறு இல்லை, கொழுப்பும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் இன்சுலின் ஏற்றப்பட்ட போனிகள் எல்லாவற்றுக்கும் நான்கு காலிலும் லாமினைட்டிஸ். ஏற்றப்படாதவற்றுக்கு எதுவும் இல்லை. பிறகு 2010-இல் மெலடி டி லாட் முதலியோர் இதையே பெரிய குதிரைகளான ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் செய்தார்கள். அங்கே 48 மணி நேரம் போதுமானதாக இருந்தது.

ஆராய்ச்சிக்காகவென்றாலும் அந்தப் போனிகளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நார்மலாக இருந்தும், இன்சுலின் மட்டுமே தனியாக நின்று குளம்பைக் கெடுத்தது.

குளம்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குதிரை தன் குளம்பின் அடிப்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. காலின் கடைசி எலும்பு குளம்புச் சுவரின் உட்புறத்தில் தொங்குகிறது. 500 கிலோ குதிரையின் பாரம் முழுவதும் அந்தத் தொங்கலில்தான் நிற்கிறது. இரண்டு கைவிரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள், பிரியாது; எலும்பும் சுவரும் அப்படித்தான் கோத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு குளம்பிலும் சுமார் 550 முதல் 600 மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் மேலும் 150 முதல் 200 நுண்மடிப்புகள். லாமெல்லா என்று இவற்றுக்குப் பெயர், நோயின் பெயரும் இதிலிருந்துதான் வந்தது. இன்சுலின் கூடிக் கிடக்கும்போது இந்த மடிப்புகளின் செல்கள் நீண்டு, மெலிந்து, பிடி தளர்கின்றன. அந்தச் செல்களில் இன்சுலினுக்கான ஏற்பிகள் குறைவு. அளவுக்கு மீறிய இன்சுலின், இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பியைப் பிடித்துக்கொண்டு வேலை காட்டுகிறது என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அதில் இன்னும் வாதப் பிரதிவாதங்கள் ஓய்ந்தபாடில்லை.

பிடி தளர்ந்தால் பின்னாலிருந்து பெரிய தசைநார் எலும்பை இழுக்கிறது. எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்புகிறது. நிலை முற்றினால் எலும்பு அப்படியே கீழே இறங்கி, அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. அந்தக் கட்டத்தில் டாக்டர் செய்வதற்கு அநேகமாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கும். புட்டிங்கின் எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம்தான் திரும்பியிருந்தது. அதிர்ஷ்டம்.

ஒன்று தெரியுமா, அவனுடைய குளம்பு இதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. லாடக்காரர் வந்து காலைத் தூக்கிக் காட்டினார். குளம்புச் சுவரில் வளையம் வளையமாகக் கோடுகள். நல்ல குளம்பிலும் கோடு இருக்கும், ஆனால் சம இடைவெளியில் இணையாகப் போகும். இவனுக்கு முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போயின. வெளியே தெரியாமல், நொண்டாமல், சின்னச் சின்னதாகப் பலமுறை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து கீழே குளம்பு முழுசாக வளர்ந்து மாற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பதால், அந்த ஒரு வருஷக் கதையை அதில் படிக்கலாம். லாடக்காரர்கள் டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவதற்கு இதுதான் காரணம். சொன்னால் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

குளம்புக்கு முன் பார்க்க வேண்டியது கழுத்து. குதிரையின் பருமனை 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை 1983-இல் டெக்சாஸில் டான் ஹெனிக் கொண்டுவந்தார். விலா எலும்பு, முதுகு, வால் அடி, தோள் என்று தடவிப் பார்த்துப் போடுவது. நல்ல முறைதான், ஆனால் இந்த நோய்க்கு அது போதாது. மொத்த உடம்பு சுமாராக இருந்தும் பிடரியில் மட்டும் கொழுப்புக் கட்டியிருக்கும் குதிரைகள் உண்டு. அதற்காகவே கழுத்துக்கு மட்டும் 0 முதல் 5 வரை தனி மதிப்பெண் முறை 2009-இல் வந்தது. பிடரி மயிரின் அடியில் கை வைத்து இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது. கெட்டியாக, அசையாமல் நின்றால் கவலைப்பட வேண்டும். ஒரு பக்கமாகச் சரிந்தே போயிருந்தால் அதுதான் 5. புட்டிங்கின் பிடரியைப் பார்த்துப் பிள்ளைகள் "ஸ்டாலியன் மாதிரி கம்பீரமா இருக்கான்" என்பார்கள். கம்பீரமாவது ஒன்றாவது. கண்ணுக்குமேல் உள்ள குழியும் கொழுப்பால் உப்பியிருந்தது.

இதற்காகக் குண்டுக் குதிரையெல்லாம் நோயாளி, ஒல்லிக் குதிரையெல்லாம் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒல்லியாக இருந்தும் இன்சுலின் கூடியவை உண்டு. பிறவி இதில் நிறைய விளையாடுகிறது. ஷெட்லாண்ட், வெல்ஷ் போனிகள், மோர்கன், அரேபியக் குதிரை, ஆண்டலூசியன், கழுதை எல்லாம் எளிதில் மாட்டும். தரோபிரெட், ஸ்டாண்டர்ட்பிரெட் அவ்வளவாக மாட்டாது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், போனிகளைக் குட்டையாக்கும் மரபணு மாற்றம் ஒன்று அவற்றின் இன்சுலினோடும் தொடர்புடையதாக இருந்தது. நாம் ஆசைப்பட்டுக் குட்டையாக வளர்த்த அழகுக்குள்ளேயே இதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இந்த உடம்பு ஒரு காலத்தில் வரப்பிரசாதம். வேல்ஸின் கார்னெத்தாய் மலைகளில் போனிகள் இன்றும் அரைக் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. அங்கே மண் ஏழை, புல் முரடு, காற்று கொல்லும். கோடையில் கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அதைக் கரைத்து, மார்ச்சில் விலா தெரிய நின்று, மறுபடி சேர்க்கும். வருஷா வருஷம் இந்தக் கரைதல் நடப்பதால் அவற்றுக்குத் தொல்லை குறைவு. அதே போனியைச் சமவெளிக்குக் கொண்டுவந்து, குளிருக்குக் கம்பளி போர்த்தி, கூட ஒரு வாளி தீனியும் வைத்தால் கரையும் பருவமே வருவதில்லை. சேர்க்கும் பருவம் மட்டும் தவறாமல் வருகிறது.

மேய்ச்சல் புல்லும் முன்பிருந்த புல் இல்லை. பிரிட்டனின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பாலும் ரைகிராஸ். கறவை மாடுகளுக்காகத் தேர்ந்து வளர்த்தது. வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித்தில் பல பத்தாண்டு உழைப்பில் உருவாக்கிய ரகங்களை "ஹை சுகர் கிராஸ்" என்று பெருமையோடுதான் விற்கிறார்கள். மாடு அதிகப் பால் கறக்கும், புரதம் வீணாகாது. மாட்டுக்காரர்களுக்கு நல்ல கண்டுபிடிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மலைப் போனியும் வேல்ஸ், இந்த இனிப்புப் புல்லும் வேல்ஸ். ஒன்றைத் தின்ன மற்றொன்றுக்குத் தகுதி இல்லை. மாட்டுப் பண்ணையாக இருந்த நிலத்தை வாங்கிக் குதிரை வளர்க்கிறவர்கள் இங்கே ஏராளம். காலடியில் என்ன முளைக்கிறது என்று பாதிப் பேர் பார்ப்பதில்லை.

புல்லுக்கும் நேரம் காலம் உண்டு. பகலில் வெயிலில் சர்க்கரையைச் செய்து சேர்க்கும். இரவில் அதை எடுத்து வளர்ச்சிக்குச் செலவிடும். அதனால் சாயங்காலப் புல்லைவிட விடியற்காலைப் புல்லில் சர்க்கரை குறைவு. ஆனால் இரவில் உறைபனி விழுந்தால் வளர்ச்சி நின்றுவிடும், சர்க்கரை செலவாகாமல் அப்படியே தங்கிவிடும். மறுநாள் வெயிலும் பளிச்சென்று அடித்தால் அதன்மேல் இன்னும் சேரும். கண்ணுக்கு மிக அழகான காலை அதுதான், எங்கள் லாயத்தில் யாரையும் அவிழ்த்துவிடாத காலையும் அதுதான். ஒட்ட மேய்ந்த குட்டைப் புல் ஆபத்தில்லை என்றும் பலர் நம்புகிறார்கள். அடித்தண்டில்தான் சேமிப்பு இருக்கும் என்பதால், அது கிலோவுக்கு இன்னும் இனிப்பாகக்கூட இருக்கலாம்.

இதில் நம் ஊருக்கு ஒரு சின்னப் பெருமை. குளிர்நாட்டுப் புற்கள் ஃபிரக்டன் என்ற வடிவில் சர்க்கரையை வரம்பில்லாமல் சேர்த்துவைக்கும். வெப்பநாட்டுப் புற்கள் அப்படிச் சேர்ப்பதில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெர்முடா புல் என்று உலர்த்திக் கட்டி விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல்தான். சோதித்துப் பார்த்து வாங்கினால் இந்த நோயுள்ள குதிரைகளுக்கு அது பல நேரம் ஒத்துப்போகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக என் குதிரைப் பேச்சில் அவளுக்கு மரியாதை வந்தது. உடனே, "அப்ப கொள்ளு குடு. கொழுத்தவனுக்குக் கொள்ளுதானடி" என்றாள். குதிரைக்குக் கொள்ளு புதிதில்லைதான். ஆனால் அதைத் தின்ற குதிரைகள் நாள் முழுக்க வண்டி இழுத்தன. கொள்ளிலும் மாவுச்சத்து உண்டு. வேலையில்லாத குண்டுப் போனிக்கு எந்தப் பயறும் தேவையில்லை.

சரி, என்னதான் செய்வது? எங்கள் லாயத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

உலர்ந்த புல்தான் அடிப்படை. தராசில் தொங்கவிட்டு நிறுத்துத்தான் போடுகிறோம்; கண்ணளவில் போடுகிறவர் எவரும் கூடுதலாகத்தான் போடுவார். இளைக்க வேண்டிய குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 சதவீத அளவு, ஈரம் போக. 300 கிலோ போனிக்கு 4.5 கிலோ, ஈரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 5 கிலோ. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் புல்தான் வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைக்கலாம். கரையும் அளவு கட்டுக்குக் கட்டு மாறும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. தாதுக்களும் கூடவே கரைந்துபோகும், அதற்குத் தனியாகத் தாதுக் கலவை வைக்க வேண்டும். ஊறின தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில், ஒரு புளித்த வாடையோடு இருக்கும். குதிரை குடிக்காத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள். வெயில் காலத்தில் நெடுநேரம் ஊறினால் கெட்டுவிடும்.

இங்கேதான் ஆர்வக்கோளாறு ஆளைக் கொல்லும். ஒரேயடியாகப் பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். போனியோ கழுதையோ பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பு திடுதிப்பென்று ரத்தத்தில் இறங்கி, ரத்தமே பால்போலக் கலங்கி, ஈரல் செயலிழந்து சாகும். ஹைப்பர்லிபீமியா என்பார்கள். லாமினைட்டிஸைவிட வேகமாகக் கொல்லக்கூடியது. தவிர, குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறு புண்ணாகிவிடும். அதனால் அந்த 5 கிலோவைச் சின்னக் கண்ணியுள்ள வலையில் போட்டு, நாள் முழுக்கப் பறித்துப் பறித்துத் தின்னும்படி பிரித்து வைக்கிறோம்.

வாய்க்கூடைக்கு வருகிறேன். அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியாகப் புல் நுனியை மட்டும் எட்டலாம், தண்ணீர் குடிக்கலாம். அனெட் லாங்லாண்ட் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் போனிகளை வைத்து அளந்து பார்த்ததில், கூடை போட்டால் மேய்ச்சல் சுமார் 80 சதவீதம் குறைந்தது. கூடையில்லாமல் நேரத்தை மட்டும் குறைத்தால்? போனி நம்மைவிடக் கெட்டிக்காரன். கொஞ்ச நேரம்தான் அவிழ்த்துவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டால், தலையைத் தூக்காமல் அவசர அவசரமாக வாரித் தின்னப் பழகிவிடும். கூடை போட்டால் தோழர்களோடு வெளியே திரியலாம், ஓடலாம். சின்ன மண்தரைக் கொட்டிலில் தனியாக அடைபட்டுக் கிடப்பதைவிட இது எவ்வளவோ தேவலை. நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் மாட்டுவதில்லை. மூக்கில் உரசிப் புண்ணாகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

நடையும் ஓட்டமும் இன்சுலினைக் கீழே கொண்டுவரும், வாரத்தில் ஐந்து நாளாவது. ஆனால் கால் வலிக்கும்போது ஒரு அடிகூடக் கூடாது. பிடி தளர்ந்த குளம்பை ஓட்டினால் இருப்பதும் பிய்ந்துவிடும். அப்போது மெத்தென்ற ஆழமான படுக்கை, வலிமருந்து, பாதத்துக்குத் தாங்கல், அவ்வளவுதான். கேரட், ஆப்பிள், பிள்ளைகள் பாக்கெட்டில் கொண்டுவரும் பெப்பர்மின்ட் எல்லாவற்றுக்கும் லாயத்துக்காரம்மா தடை போட்டுவிட்டார். சட்டம் போட்டவரே சில நாள் புட்டிங்கின் கொட்டிலில் பின்பக்கம் திரும்பி நின்றுகொண்டு எதையோ நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் செலரித் தண்டு என்கிறார்.

நோய் இருக்கிறதா என்று அறிய ஒரு வேடிக்கையான பரிசோதனை உண்டு. சோளச் சர்க்கரைப் பாகை, காரோ என்ற பெயரில் கடையில் விற்கும் அதே பாகை, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சுவது. கிலோவுக்கு 0.45 மில்லி, 300 கிலோ போனிக்கு 135 மில்லி. அறுபது முதல் தொண்ணூறு நிமிஷத்துக்குள் ரத்தம் எடுத்து இன்சுலின் எவ்வளவு எகிறியது என்று பார்ப்பார்கள். மற்ற ஊசிகளுக்கெல்லாம் காதைப் பின்னால் மடக்கும் புட்டிங், இதற்கு மட்டும் உதட்டை நீட்டிக்கொண்டு தானே வந்தான். வலியோ பயமோ இருந்தாலும் இன்சுலின் கூடும் என்பதால், கால் ஆறிய பிறகுதான் செய்வார்கள்.

மருந்து என்று பார்த்தால் நம் வீட்டு மாத்திரை டப்பாதான். மெட்ஃபார்மினை முதலில் முயன்றார்கள். குதிரையின் குடல் அதை மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சுகிறது, பலன் சுமார். இப்போது பேச்சு முழுக்க கேனாகிளிஃப்ளோசின், எர்டுகிளிஃப்ளோசின் பற்றித்தான். சிறுநீரில் சர்க்கரையை வெளியே தள்ளும் வகை. என் மாமா தினமும் சாப்பிடும் மாத்திரையின் ஒன்றுவிட்ட தம்பி. இன்சுலின் மளமளவென்று இறங்குகிறது. ஆனால் ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறதா என்று விடாமல் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஹைப்பர்லிபீமியா பயம் இதிலும் உண்டு. குதிரைக்கென்று உரிமம் வாங்கிய மருந்துகள் இல்லை, டாக்டர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பவை. தீனியைக் கட்டுப்படுத்தியும் இன்சுலின் அடங்காத குதிரைகளுக்கு இது உயிர்காப்பு என்றுதான் நினைக்கிறேன். தீனியைக் கட்டுப்படுத்த மனசில்லாதவர்களுக்கு இது சாக்கு ஆகிவிடக் கூடாது.

கடைசியாக வயதான குதிரைகள் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வயதுக்கு மேல் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் நடுப்பகுதி கட்டுப்பாடில்லாமல் வேலை செய்யத் தொடங்கும் நோய் ஒன்று உண்டு. பி.பி.ஐ.டி. என்பார்கள், பழைய ஆட்கள் குஷிங் என்பார்கள். கோடையிலும் உதிராத நீண்ட சுருட்டை முடி, கரையும் முதுகுத் தசை, அதிகத் தாகம். சில குதிரைகளுக்கு இதுவும் இன்சுலின் கோளாறும் சேர்ந்தே இருக்கும், குளம்புக்கு ஆபத்து இரட்டிப்பு. இதற்குப் பெர்கோலைடு மாத்திரை இருக்கிறது. ஒரு காலத்தில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்தது. இதய வால்வைப் பாதிக்கிறது என்று 2007-இல் அமெரிக்காவில் மனிதச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2011-இல் குதிரைக்கு அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் ஏ.சி.டி.எச். ஹார்மோனை அளந்து கண்டுபிடிப்பார்கள். நல்ல குதிரைக்கே இலையுதிர்காலத்தில் அந்த அளவு இயல்பாக ஏறும் என்பதால், மாதத்துக்குத் தக்க அளவுகோலை வைத்துத்தான் முடிவைப் படிக்க வேண்டும். வயதான குதிரை செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று கால் கூசி நின்றால், டாக்டரிடம் இன்சுலின், ஏ.சி.டி.எச். இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி நோய்க்குத்தான் வைத்தியம் நடக்கும்.